நாலாவது தாள்

விருதுநகர் மாவட்டக் கூடைப்பந்துக் கழகத்தின் தலைவர், என் மதிப்புக்குரிய வெள்ளைத்துரை அண்ணாச்சி அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் நடுவர்களே, பயிற்சியாளர்களே! சீசன் நேரத்தில் மிஷினை நிறுத்திவிட்டு வந்திருக்கும் அச்சக அதிபர்களே, தொழிலாளத் தோழர்களே! சாத்தூரிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் பஸ் ஏறி வந்து, விளையாட்டுச் சீருடையோடு தரையில் அமர்ந்திருக்கும் என் அருமைப் பிள்ளைகளே! மனைவியைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் இருக்கும் ஃபரீத் பாய் அவர்களே! அம்மாவின் கைக்குட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஹஸ்னாவே! எல்லோருக்கும் இந்த ராஜபாண்டியனின் கண்ணீர் வணக்கம்.

இந்தத் திருத்தங்கல் மைதானத்தின் ஓரத்தில் ஒரு மேசை கிடக்கிறது. மேசைக்குப் பின்னால் ஒரு நாற்காலி. இருபத்திரண்டு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, நம் மாவட்டத்தில் நடந்த ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஸ்கோர் எழுதியவர் பைரோஜா அவர்கள். இன்று யாரும் அதில் உட்காரவில்லை. கூட்டம் நிரம்பி, நின்றுகொண்டிருக்கிறீர்களே தவிர, ஒருவருக்குக்கூட அந்த நாற்காலியை இழுத்துப் போட மனம் வரவில்லை. போய் இருபது நாள் ஆகிறது. ஐம்பத்தொரு வயது ஒரு வயதா? போகிற வயதா அது?

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், தெரியாதவர்கள் இருப்பீர்கள். நான் இந்தக் கழகத்தின் செயலாளர். எனக்குச் சால்வை போடத் தெரியும், கோப்பை கொடுக்கத் தெரியும், போட்டோவுக்குச் சிரிக்கத் தெரியும். விதிப்புத்தகம் தெரியாது. அதெல்லாம் பைரோஜாவுக்குத் தெரியும் என்று இருந்துவிட்டேன். அவர் என் அச்சகத்திலும் வேலை பார்த்தார். அச்சடித்த தாள் மிஷினை விட்டு இறங்கியதும் அடுக்குவது, பசை வைப்பது, எண்ணிக் கட்டுவது என்று எல்லாம் நடக்கிற பைண்டிங் பிரிவுக்கு அவர்தான் சூப்பர்வைசர். வாரத்தில் ஆறு நாள் என் கம்பெனி, ஏழாவது நாள் இந்த மேசை.

அவர் எழுதும்போது நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஆட்டத்தின் முதல் கால் பகுதிக்குச் சிவப்புப் பேனா, அடுத்ததற்கு நீலப் பேனா, மறுபடி சிவப்பு, மறுபடி நீலம். பேனா எதுவானாலும் அழுத்துவார். மேசை ஆடும் அளவுக்கு அழுத்துவார். நடுவிரலில் காய்ப்பு. ஒரு நாள் நான் கேலி செய்தேன். “என்னம்மா, தாளுக்குக் கீழே கிணறு வெட்டுதியா?” என்றேன். அவர் நிமிராமலே சொன்னார்: “மேல் தாளுக்கு எழுதினா ஆச்சா அண்ணாச்சி? நாலாவது தாளுக்கு எழுதணும்.”

பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்கிறேன். ஸ்கோர் எழுதும் தாள் ஒன்று அல்ல, நான்கு. கார்பன் வைக்காமலே, மேலே எழுதினால் கீழே பதிகிற தாள்கள். மேல் தாள் போட்டி நடத்துகிறவர்களுக்கு. நான்காவது, அடியில் கிடப்பது, தோற்ற அணிக்கு. மேலிருந்து கீழே வர வர எழுத்து மங்கும். தோற்றவர்கள் கைக்குப் போகிற தாளில் பல ஊர்களில் ஒன்றுமே தெரியாது. தோற்றவர்கள்தானே, அவர்களுக்கு எதற்குத் தெளிவாக என்று யாரும் கவலைப்பட்டதில்லை. நானும் பட்டதில்லை.

பைரோஜா ஏன் கவலைப்பட்டார்? அதை ஒருமுறைதான் சொன்னார், அதுவும் நான் நச்சரித்த பிறகு. பதினேழு வயதில் அவர் பள்ளி அணியின் கேப்டன். பெண் பிள்ளை மைதானத்துக்குப் போகிறதா என்று அவர் அப்பா, அத்தா என்றுதான் சொல்வார், ஒத்துக்கொள்ளவே இல்லை. எப்படியோ கெஞ்சி விருதுநகருக்கு மாவட்ட இறுதி ஆட்டம் ஆடப் போனார். அணி தோற்றது. ஆனால் அவர் மட்டும் பத்தொன்பது புள்ளி எடுத்திருந்தார். அத்தாவிடம் காட்டி அடுத்த வருடமும் ஆட அனுமதி வாங்கிவிடலாம் என்று தோற்ற அணியின் தாளை வாங்கி மடித்துக்கொண்டு போனார். அத்தா விரித்துப் பார்த்தார். வெறும் கோடுதான் இருந்தது. “எங்க தாயி, ஒண்ணையும் காணமே” என்றாராம். அதோடு ஆட்டம் நின்றது, அடுத்த வருடம் கல்யாணம். அந்த அத்தாவைப் பற்றிக் கோபமாகப் பேசமாட்டார் பைரோஜா. அந்தத் தாளில் எழுதியவர் மேல்தான் கடைசிவரை கோபம்.

இனி நான் சொல்லப்போவது, என் மனைவிக்குக்கூடத் தெரியாத ஒன்று. இன்று இந்த மேடையில் ஏறியதே அதற்குத்தான். அண்ணாச்சி, நேரம் கொஞ்சம் கூடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன், பட்டாசு லேபிள் சீசன் உச்சத்தில் இருந்தபோது, எங்கள் கம்பெனிக்கு ஒரு ஆர்டர் வந்தது. ஐரோப்பாவில் ஆண்டுதோறும் கோடையில் நாடுகளுக்கு இடையே இளையோர் கூடைப்பந்துச் சாம்பியன்ஷிப் நடக்கிறது. பதினாறு வயதுக்குள், பதினெட்டு வயதுக்குள், இருபது வயதுக்குள் என்று. நம்மிடம் நோட்டு வாங்கும் ஒரு ஜெர்மன் வியாபாரி மூலமாக, பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்கள் போட்டிக்கான ஸ்கோர் தாளை அடிக்கும் வேலை நமக்கு வந்தது. நானூறு பேடு, அதாவது ஓரத்தில் பசை வைத்து ஒட்டிய தாள்கட்டு. ஒவ்வொரு பேடிலும் நான்கு தாள் கொண்ட இருபத்தைந்து செட். திருத்தங்கலில் அடித்த தாளில் ஸ்பெயின் பிள்ளையும் போலந்து பிள்ளையும் எடுத்த புள்ளியை எழுதப்போகிறார்கள்! எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் போகிறவரை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

தாளின் நிறம் மெயிலில் வந்தது. முதல் தாள் வெள்ளை, இரண்டாவது நீலம், மூன்றாவது ரோஸ், நான்காவது மஞ்சள். ரோஸ் தாளின் அடியில் ‘வெற்றி பெற்ற அணிக்கு’ என்றும், மஞ்சள் தாளின் அடியில் ‘தோற்ற அணிக்கு’ என்றும் அவர்கள் மொழியில் ஒரு வரி. நம் கழக ஆட்டங்களுக்கு நான் அடித்துக்கொடுக்கும் தாள், வேறு ஆர்டரில் மிஞ்சியது எந்த நிறமோ அந்த நிறம். அதனால் நிறத்துக்கு ஒரு விதி உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

நான் அந்த மெயிலைப் பார்த்தேன். மஞ்சளா? தோற்றவர்களுக்கா? மூலையில் மஞ்சள் தடவாமல் ஒரு கல்யாணப் பத்திரிகை நம் ஊரை விட்டு வெளியே போயிருக்கிறதா? மங்களமான நிறத்தைப் போய்த் தோற்றவனுக்கு யாராவது கொடுப்பார்களா? வெள்ளைக்காரனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும், மாற்றி எழுதிவிட்டான் என்று முடிவு கட்டினேன். ஒரு பதில் மெயில் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மிஷின் ஓட்டும் முனியராஜைக் கூப்பிட்டு, “ஏலே, அந்த ரெண்டு வரியையும் மாத்திப் போடு. மஞ்சளுக்கு ஜெயிச்சவன்” என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். “அக்கா வந்துரட்டுமே மொதலாளி” என்றான். “நான் மொதலாளியா, ஒங்க அக்கா மொதலாளியா?” என்று ஒரு சத்தம் போட்டேன். நான் சத்தம் போடுவேன், உங்களுக்குத் தெரியும். அவன் மாற்றிவிட்டான்.

பைரோஜா அப்போது மூன்று நாள் லீவில் இருந்தார். வீட்டில் விசேஷம். சனிக்கிழமை காலை வந்தார். நானூறு பேடும் கட்டி, அட்டைப்பெட்டியில் ஏறித் தூத்துக்குடி லோடுக்குத் தயாராக நின்றது. ஒரு பேடை எடுத்துப் புரட்டினார். புரட்டியவர் அப்படியே என் அறைக்கு வந்தார்.

“அண்ணாச்சி, தோத்தவுகளுக்குத்தான் மஞ்சள். விதியில இருக்கு. யாரு மாத்துனா?”

“நான்தான்” என்றேன். “அதனால என்ன? இப்ப அங்கன எல்லாம் கம்ப்யூட்டர்லதான் எழுதுறாக. கம்ப்யூட்டர் நின்னாத்தான் இந்தப் பேடு. மேசைக்கு அடியில பெட்டியில கெடக்கப்போகுது. யாரு பாக்கப்போறா?”

“தோத்த பிள்ளை பாக்குமே.”

“பாக்கட்டும். மஞ்சளா இருந்தா என்ன, ரோஸா இருந்தா என்ன?”

“தோத்தவுகன்னு அடிச்ச தாளைத்தான் தோத்தவுகளுக்குக் கொடுக்கணும். நாம அதை ரோஸ்ல அடிச்சிருக்கோம். அங்கன உள்ளவுக நெறத்தைப் பாத்துத்தான் கிழிப்பாக, வரி வேற ஒண்ணைச் சொல்லும். மேசையில கொழப்பம் வரும். ஜெயிச்சவ கையில கோப்பை இருக்கு அண்ணாச்சி. அவ தாளைத் தேட மாட்டா. தோத்தவளுக்கு இது ஒண்ணுதான். அதுலயும் தப்பா?”

 தப்பு என் பக்கம் இருந்தால் நான் என்ன செய்வேன்? கோபப்படுவேன். “லோடு நாளைக்குப் போகுது. நீயே பாத்துக்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

அவர் பார்த்துக்கொண்டார்! எப்படிப் பார்த்துக்கொண்டார் தெரியுமா? ரோஸ் தாளும் மஞ்சள் தாளும் எங்களிடம் தீர்ந்துவிட்டன. சிவகாசியில் மூன்று அச்சகங்களுக்கு டவுன் பஸ்ஸில் போய், மிச்சத் தாளைக் கேட்டு வாங்கினார். இங்கே அமர்ந்திருக்கும் அதிபர்களே, உங்களில் இரண்டு பேர் அன்று கொடுத்தீர்கள். முனியராஜ் பத்தாயிரம் ரோஸ், பத்தாயிரம் மஞ்சள் மறுபடி அடித்தான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பைண்டிங் பிரிவு சுப்புத்தாயும் மற்ற பெண்களும் வந்தார்கள். கூடவே யார் வந்தது? நீங்கள்தான் பிள்ளைகளே! அன்று உங்களுக்குப் பயிற்சி ஆட்டம். ஆட்டத்தை விட்டுவிட்டு, சீருடையோடு வந்து தரையில் வரிசையாக உட்கார்ந்து, பேடின் பசையை உரித்து, அடி இரண்டு தாளையும் எடுத்துவிட்டுப் புதுத் தாளைச் செருகினீர்கள். பத்தாயிரம் செட்! சாயந்தரம் ஐந்து மணிக்குக் கடைசிப் பேடு கட்டியாயிற்று. ஆனால் லோடு வண்டி மதியமே போய்விட்டது. ஒரு நாள் தாமதம்.

அந்த ஒரு நாள் தாமதத்துக்கு நான் ஜெர்மன் வியாபாரிக்கும் இங்கிருக்கும் அவருடைய ஏஜெண்டுக்கும் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. என்ன எழுதினேன் தெரியுமா? ‘எங்கள் பைண்டிங் சூப்பர்வைசர் பைரோஜாவின் கவனக்குறைவால் தாள் மாறிவிட்டது’ என்று எழுதினேன்.

ஆமாம். நான்தான் எழுதினேன். இந்தக் கை எழுதியது.

சிவகாசி சின்ன ஊர். ஏஜெண்ட் இன்னொருவரிடம் சொன்னார். அவர் இன்னொருவரிடம் சொன்னார். ஸ்கோர் தாளையே தப்பாகக் கட்டிய ஸ்கோரர் என்று டீக்கடையில் சிரித்தார்கள். இந்தக் கூட்டத்திலும் சிரித்தவர்கள் இருக்கிறீர்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. உங்களுக்கு அப்படிச் சொல்லப்பட்டது. உண்மை தெரிந்த முனியராஜ் என் சத்தத்துக்குப் பயந்து வாய் திறக்கவில்லை.

பைரோஜாவுக்கும் காதில் விழுந்தது. ஏஜெண்ட் அவருக்கே போன் போட்டுத் திட்டியிருக்கிறார். என் அறை வாசலில் வந்து நின்றார். “எம் பேரைச் சொல்லியிருக்கீக போல” என்றார். நான் ஃபைலைப் பார்த்துக்கொண்டே, “கம்பெனி பேரு கெட்டுறக் கூடாதுல்ல தாயி” என்றேன்.  “சரி அண்ணாச்சி. தாள் சரியாப் போயிருச்சுல்ல” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். அவர் இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் இன்று எனக்கு இவ்வளவு கனமாக இருக்காது.

ஜூலையில் போட்டி தொடங்கியது. யூடியூபில் நேரடியாகக் காட்டினார்கள். நமக்கு மதியம் மூன்றரை மணி, டீ நேரம். பைண்டிங் பிரிவில் ஒரு போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு எல்லோரும் பார்ப்பார்கள். எல்லா ஆட்டத்திலும் கம்ப்யூட்டர்தான். நம் பேடு கண்ணிலேயே படவில்லை. நான் சொன்னது சரிதான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட. இப்படியும் ஒரு மனிதன்!

நான்காம் நாள், ஐஸ்லாந்துப் பிள்ளைகளுக்கு ஒரு ஆட்டம். தொடங்கும் நேரத்துக்கு மேசையில் கம்ப்யூட்டர் நின்றுபோனது. நரைத்த தலையோடு ஒரு அம்மா குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து ஒரு பேடை எடுத்து வைத்தார். முனியராஜ் துள்ளிக் குதித்தான். “ஏலே, நம்ம பேடுலே!” சுப்புத்தாய் அழுதேவிட்டார். “நான் பசை வச்சது, நான் பசை வச்சது” என்று எல்லோரிடமும் காட்டினார். பைரோஜா மட்டும் போனுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனார். என்ன பார்க்கிறாய் என்றேன். “அந்தம்மா அழுத்தி எழுதுறாகளான்னு பாக்கேன்” என்றார்.

ஐஸ்லாந்து தோற்றது. நாற்பத்தொரு புள்ளி வித்தியாசம். எதிரணி ஆடிப்பாடிக்கொண்டிருந்தது. ஒன்பதாம் எண் சட்டை போட்ட ஒரு பிள்ளை, தோற்ற பிள்ளை, அழுதுகொண்டே மேசைக்கு வந்தது. அந்த அம்மா கடைசித் தாளைக் கிழித்து நீட்டினார். மஞ்சள் தாள்! அந்தப் பிள்ளை விரலை வைத்துத் தேடியது. தன் பெயருக்கு நேரே விரல் நின்றது. தலையை ஆட்டிக்கொண்டு, தாளை நான்காக மடித்துக் காலுறைக்குள் செருகிக்கொண்டு போனது. மொத்தம் ஐந்து நொடி இருக்கும். எங்கோ கிடக்கிற நாட்டுப் பிள்ளை. திருத்தங்கலில் இருபது பெண்கள் கை தட்டினார்கள். பைரோஜா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அன்றே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை. அதற்கு மேலும் செய்தேன்.

அந்த மாதக் கடைசியில் நம் கழகச் செயற்குழு கூடியது. நம் நாட்டில் நடக்கவிருந்த ஆசிய இளையோர் போட்டிக்கு மேசைப் பணிக்கு மாவட்டத்திலிருந்து ஒரு பெயர் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். வேறு யார் பெயர்? பைரோஜாதான். ஒரு சர்வதேச ஆட்டத்தில் மேசையில் உட்கார்ந்து எழுத வேண்டும் என்பது அவருடைய இருபது வருட ஆசை. ஒருவர் எழுந்து, “தாளையே மாத்திக் கட்டுன அம்மாவை அனுப்புனா நம்ம மாவட்டத்துக்குத்தான் அசிங்கம்” என்றார். தலைவர் என்னைப் பார்த்தார். வெள்ளைத்துரை அண்ணாச்சி, நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், நினைவிருக்கிறதா? “நீ என்ன சொல்லுத?” என்று கேட்டீர்கள். ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். நான் தண்ணீர் குடித்தேன். பெயர் அடிக்கப்பட்டது. காரணம், ‘பைரோஜாவின் கவனக்குறைவு’ என்று கூட்டக் குறிப்பு எழுதும் மினிட் புத்தகத்தில் ஏறியது. அதில் கீழே கையெழுத்துப் போட்டது செயலாளர். செயலாளர் யார்? நான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பைரோஜா வழக்கம்போல் சிவப்புப் பேனாவும் நீலப் பேனாவும் எடுத்துக்கொண்டு இந்த மேசைக்கு வந்தார். சாத்தூருக்கும் ஆனைக்குட்டத்துக்கும் நடந்த ஒரு சின்ன ஆட்டத்துக்கு ஸ்கோர் எழுதினார். அழுத்தி எழுதினார். என்னைப் பார்த்ததும், “வாங்க அண்ணாச்சி, சாப்பிட்டீகளா?” என்றார்.

போன மாதம் மதுரை ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனேன். சொல்லிவிட வேண்டும், காலில் விழுந்தாவது கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். கை வெறும் எலும்பாக இருந்தது. அந்த விரல் காய்ப்பு மட்டும் அப்படியே இருந்தது. நான் வாய் திறப்பதற்குள் அவர் கேட்டார்: “நேத்து மேட்ச்சு யாரு எழுதுனது? நாலாவது தாள் தெளிவா விழுந்துச்சா?”

“விழுந்துச்சு தாயி, நல்லாத் தெரியுது” என்றேன். நான் பார்க்கவே இல்லை. அப்போதும் பொய்தான் சொன்னேன். அவருக்கு நிம்மதி. கண்ணை மூடிக்கொண்டார். நர்ஸ் வந்து போகச் சொல்லிவிட்டார். மன்னிப்புக் கேட்கப் போனவன், இன்னொரு பொய்யைச் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

ஊருக்கு வந்து அந்த ஆட்டத்தின் தாளை எடுத்துப் பார்த்தேன். நான்காவது தாளில் ஒன்றுமே இல்லை. வெறும் கோடு. அன்று தோற்ற சாத்தூர்ப் பிள்ளைகளே, உங்கள் கையில் அதைத்தான் கொடுத்தோம். நான்கு நாளில் அவர் போய்விட்டார்.

என் அன்பிற்குரியவர்களே! ஸ்கோர் தாளில் ஒரு தப்பு வந்துவிட்டால், அதை அடித்துத் திருத்தி, பக்கத்தில் பொறுப்பானவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த விதியையாவது இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன். தலைவர் அவர்களின் அனுமதியோடு, மினிட் புத்தகத்தை இங்கே கொண்டு வந்திருக்கிறேன். ‘பைரோஜாவின் கவனக்குறைவு’ என்ற வரியை அடிக்கிறேன். ‘தவறு செய்தவர் செயலாளர் ராஜபாண்டியன், திருத்தியவர் பைரோஜா’ என்று எழுதி, உங்கள் முன்னால் கையெழுத்துப் போடுகிறேன். இதோ, போட்டுவிட்டேன். இனி நான் செயலாளர் இல்லை. அதற்கான கடிதமும் புத்தகத்துக்குள் இருக்கிறது.

ஆனால் வேலையை விட்டுப் போகமாட்டேன். இந்த மாவட்டத்தில் இனி எந்த ஆட்டம் நடந்தாலும், அணிகள் கலையும் முன் நான்காவது தாளை எடுத்துப் படித்துப் பார்க்க ஒரு ஆள் இருப்பான். தெரியவில்லையென்றால் உட்கார்ந்து கையால் எழுதிக் கொடுப்பான். அந்த ஆள் நான்தான். சாத்தூர்ப் பிள்ளைகளே, உங்கள் தாளை இன்று காலை எழுதி முடித்தேன். போகும்போது வாங்கிக்கொண்டு போங்கள். யார் யார் எத்தனை புள்ளி என்று வீட்டில் காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. அன்று கணக்குக்கு மேல் கட்டியதில் மீந்த பேடு ஒன்றைப் பைரோஜா மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். அதிலிருந்து ஒரு செட் எடுத்து, இப்போது உங்களிடம் சொன்னதையெல்லாம் நேற்று எழுதினேன். வெள்ளைத் தாள் கழகத்துக்கு. நீலத் தாள் ஏஜெண்டுக்கும் அவர் மூலமாக ஜெர்மனிக்கும் போகும். ஹஸ்னா, இங்கே வாம்மா. ரோஸ் தாள் உனக்கு. ஜெயித்தவர்களின் தாள் உங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

மஞ்சள் தாள் என்னிடம் இருக்கட்டும். அழுத்தித்தான் எழுதியிருக்கிறேன் பைரோஜா. எடுத்துப் பார்த்தேன். நல்லாத் தெரியுது, தாயி. இது பொய்யில்லை.